பித்தப்பை அகற்றிய பிறகும் நீங்காத வயிற்றுவலி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 43 வயதுப் பெண். தைராய்டு குறைபாட்டுக்காக நாளொன்றுக்கு 75 மைக்ரோகிராம் தைராக்சின் எடுத்துவருபவர். எட்டு மாத இடைவெளியில் இருமுறை மேல்வயிற்றில் கடும் வலி வந்து, வலது தோள்பட்டை எலும்புவரை பரவி, இரண்டு மூன்று மணி நேரம் நீடித்துத் தானாக அடங்கியது. ஸ்கேனில் 6 முதல் 9 மி.மீ. அளவில் பல கற்கள் தெரிந்தன. பித்தப்பைச் சுவர் தடிக்கவில்லை. பொதுப் பித்தநாளத்தின் அகலம் 6 மி.மீ. கல்லீரல் நொதிகள் இயல்பாக இருந்தன.

இந்த இரு வலிகள் தவிர, சாப்பிட்டதும் வயிறு உப்புவதும் கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவதும் அவருக்குப் பல ஆண்டுகளாக இருந்தன. அறுவைக்கு முந்தைய குறிப்பில் இவையெல்லாம் ‘பித்தக்கல் அறிகுறிகள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. எது பித்தப்பையோடு போகும், எது போகாமல் இருக்கலாம் என்று பிரித்துச் சொல்லப்படவில்லை. தோள்வரை பரவி, மணிக்கணக்கில் நீடித்து, முற்றிலும் விட்டுப்போகும் வலி பித்தப்பையை எடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். உப்புசத்துக்கு அந்த உறுதி கிடையாது. பித்தக்கல்லும் வயிற்று உபாதையும் உள்ள 1067 பேரைப் பின்தொடர்ந்த நெதர்லாந்து ஆய்வு 2019-ல் லான்செட் இதழில் வெளியானது. அதில் வழக்கமான முறையில் அறுவைக்குத் தேர்வான பிரிவில் 60 சதவீதம் பேரும், கறாரான விதிகளின்படி தேர்வான பிரிவில் 56 சதவீதம் பேரும்தான் ஓராண்டு முடிவில் வலியின்றி இருந்தனர். அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டிய எண்கள் இவை.

அறுவை வழக்கம்போல் நான்கு துளைகள் வழியே நடந்தது: தொப்புளில் ஒன்று, மார்பெலும்பு முனைக்குக் கீழே ஒன்று, வலது விலா விளிம்புக்குக் கீழே 5 மி.மீ. அளவில் இரண்டு. பித்தம் சிந்தவில்லை. வடிகுழாய் வைக்கவில்லை. மறுநாள் வீடு திரும்பினார். திசுப் பரிசோதனையில் நாள்பட்ட அழற்சியும் கற்களும் மட்டுமே இருந்தன.

முதல் ஐந்து வாரம்

முதல் இரண்டு நாள் வலது தோளில் வலி இருந்தது. வயிற்றை விரிக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது இது. மூன்றாம் நாள் போய்விட்டது. இரண்டாம் வாரத்தில் காயங்கள் ஆறின.

மூன்றாம் வாரத்தில், குனிந்து நிமிர்ந்து எடை தூக்கும் வேலைக்குத் திரும்பிய சில நாளில், வலது மேல்வயிற்றில் வலி தொடங்கியது. “பழைய வலியே திரும்பிவிட்டது” என்றார். அந்த வாக்கியம் அப்படியே குறிப்பேட்டில் ஏறி, அடுத்தடுத்துப் பார்த்த எல்லோருடைய எண்ணத்தையும் பித்தநாளத்தின் பக்கமே திருப்பியது. இதே காலத்தில் நாளுக்கு நான்கைந்து முறை தளர்வாக மலம் கழித்தார். சாப்பிட்ட கையோடு அவசரமாக ஓட வேண்டியிருந்தது. ‘சில நாள் அப்படித்தான் இருக்கும்’ என்று முன்பு கேட்டிருந்ததால் அவராக அதைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ஐந்தாம் வாரம் அவசரப் பிரிவுக்கு வந்தார். காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் இல்லை. இரத்த அணுக்கள், கல்லீரல் நொதிகள், கணைய நொதியான லிப்பேஸ் ஆகியவை இயல்பு. ஸ்கேனில் திரவத் தேக்கம் இல்லை. பித்தநாளம் 8 மி.மீ. பித்தக்கசிவு, சீழ், கணைய அழற்சி என்று உடனடி ஆபத்து தரும் காரணங்களை விலக்க இவ்வளவு தேவை. அது சரியாகவே செய்யப்பட்டது. பித்தப்பை இல்லாதவரின் நாளம் சற்று விரிவது இயல்பு. மற்றவை சரியாக இருந்தால் 10 மி.மீ. வரை பொதுவாக ஏற்கப்படும். ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் ‘வலது மேல்வயிற்றில் தொடுவலி’ என்பதோடு குறிப்பு நின்றது. எந்த இடம், எவ்வளவு பரப்பு, தசையை இறுக்கினால் என்ன ஆகிறது என்ற விவரம் இல்லை.

இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மி.கி., தசைப்பிடிப்புக்கு ஒரு மருந்து, வலி மிகுந்தால் போட பாராசிட்டமால் 500 மி.கி.யும் கோடீன் 30 மி.கி.யும் சேர்ந்த மாத்திரை வேளைக்கு இரண்டு. இவற்றோடு அனுப்பப்பட்டார்.

கோடீன் எடுத்த இரவு

ஆறாம் வாரம், ஓர் இரவு அந்த மாத்திரை இரண்டைப் போட்ட முக்கால் மணி நேரத்தில் மேல்வயிற்றில் பட்டை போட்டு இறுக்கியதுபோல் வலி வந்து முதுகுவரை பாய்ந்தது. வியர்த்தது, இருமுறை வாந்தி. மூன்று மணி நேரம் நீடித்தது. இதய மின்வரைபடமும், இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனினும் இயல்பு. கல்லீரல் நொதிகளான ஏ.எஸ்.டி. 212, ஏ.எல்.டி. 148 (இயல்பின் உச்சம் 40). மஞ்சள் காமாலையில் ஏறும் பித்த நிறமியான பிலிருபின் ஏறவில்லை. லிப்பேஸ் சற்றே கூடியிருந்தது. கணைய அழற்சி என்று சொல்லத் தேவையான மூன்று மடங்கை எட்டவில்லை. 48 மணி நேரம் கழித்து ஏ.எஸ்.டி. 44, ஏ.எல்.டி. 70.

கோடீன், மார்பீன் போன்ற ஓபியாய்டுகள் (அபினி வகை வலிநிவாரணிகள்) பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்திலுள்ள ஓடி சுருக்குத்தசையை இறுக்கக்கூடியவை. பித்தப்பை இருக்கும்போது, நாளத்தில் அழுத்தம் ஏறினால் பித்தம் பின்வாங்கித் தங்க ஓர் இடம் உண்டு. அது போனபின் அழுத்தம் நேரே கல்லீரல்வரை ஏறும். சில மணி நேரத்தில் நொதிகள் எகிறி, தசை தளர்ந்ததும் விரைவாக இறங்கும். நாளத்தில் தங்கிய சிறு கல் ஒன்று நழுவி வெளியேறினாலும் இதே படம்தான் கிடைக்கும். ஓர் இரவின் இரத்த முடிவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

எம்.ஆர்.சி.பி.யும் அடுத்த கேள்வியும்

பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனான எம்.ஆர்.சி.பி.யில் கல் இல்லை, நாளத்தில் குறுக்கம் இல்லை, பித்தப்பைக் குழாயின் எஞ்சிய துண்டு குட்டையாகவே இருந்தது. மிகச் சிறிய கற்களை எம்.ஆர்.சி.பி. தவறவிடக்கூடும் என்பதால் எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டும் செய்யப்பட்டது. கல்லோ மண்டியோ இல்லை, கணையமும் இயல்பு. அதே அமர்வில் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் பார்த்ததில் புண் இல்லை.

இந்தக் கட்டத்தில் ஈ.ஆர்.சி.பி. (வாய்வழி எண்டோஸ்கோப்பியால் பித்தநாளத் திறப்பை அடையும் முறை) செய்து சுருக்குத்தசையை வெட்டிவிடலாம் என்ற யோசனை வந்தது. நாளம் 8 மி.மீ., ஒருமுறை நொதி ஏற்றம், தீராத வலி என்று அடுக்கிப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றும். தள்ளிவைக்கச் சொன்ன காரணங்கள் இவை.

முதலாவது ஆபத்து. ஈ.ஆர்.சி.பி.க்குப் பின் கணைய அழற்சி வருவது பொதுவாக நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பேர்வரை. பெண், கல் இல்லாத நாளம், சுருக்குத்தசைக் கோளாறு என்ற சந்தேகம் ஆகிய மூன்றும் அந்த ஆபத்தைக் கூட்டுபவை. மூன்றும் இவரிடம் இருந்தன. ஆசனவாய் வழி அழற்சி தணிக்கும் இண்டோமெதசின் 100 மி.கி. தருவது அதைக் குறைக்கும், ஒழிக்காது.

இரண்டாவது பயன். எபிசாட் ஆய்வு 2014-ல் வெளியானது. பித்தப்பை அகற்றியபின் வலியோடு இருந்த, நாள விரிவோ குறிப்பிடத்தக்க நொதி ஏற்றமோ இல்லாத 214 பேரில் ஒரு பகுதியினருக்குத் தசையை வெட்டினார்கள். மற்றவர்களுக்கு வெட்டியதுபோல் பாவனை மட்டும். வெட்டியவர்களில் 23 சதவீதமும் வெட்டாதவர்களில் 37 சதவீதமும் தேறினர். இவருக்கு ஒருமுறை நொதி ஏறியிருந்ததால் அந்த ஆய்வை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அந்த ஏற்றத்துக்குக் கோடீன் என்ற காரணம் கையில் இருந்தது. கோடீன் போடாத நாட்களில் வந்த வலியின்போது எடுத்த இரத்தத்தில் எந்த ஏற்றமும் இல்லை.

ஆகவே ஒரு விதி வகுத்து எழுதிக் கொடுக்கப்பட்டது. கோடீன், டிரமடால் உள்பட ஓபியாய்டு எதுவும் வேண்டாம். வலிக்கு 1 கிராம் பாராசிட்டமால், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல். முதுகுக்குப் பாயும் கடும் வலி வந்தால் தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் கல்லீரல் நொதிகளும் லிப்பேஸும் பார்க்க வேண்டும். ஓபியாய்டு எடுக்காமலே இருமுறை நொதி ஏறினால் ஈ.ஆர்.சி.பி. பற்றி மீண்டும் பேசுவது. வேண்டாம் என்று மறுப்பதற்கும் எப்போது வேண்டும் என்று முன்கூட்டி வரையறுப்பதற்கும் நோயாளியின் மனநிலையில் பெரிய வேறுபாடு இருந்தது. அடுத்த மூன்று மாதம் அவர் வேறு இடம் தேடி அலையாததற்கு இந்தத் தாள் ஒரு காரணம்.

வலியை எழுதிவைத்த மூன்று வாரம்

‘வலி எத்தனை’ என்று பத்துக்குள் ஓர் எண் எழுதச் சொல்லும் வழக்கமான நாட்குறிப்பு இங்கே பயன்பட்டிருக்காது. கேட்கப்பட்டவை வேறு: தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, இடத்தை ஒரு விரலால் காட்ட முடிகிறதா அல்லது உள்ளங்கையால்தான் காட்ட வேண்டியிருக்கிறதா, அப்போது உடல் என்ன செய்துகொண்டிருந்தது, கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரம், மலம் கழித்தபின் குறைந்ததா, முந்தைய இரண்டு மணி நேரத்தில் போட்ட மருந்து.

மூன்று வாரத் தாள்களை மேசையில் பரப்பியபோது இரண்டு குவியல்கள் தெளிவாகப் பிரிந்தன.

ஒன்று, விரல் வலி. வலது விலா விளிம்புக்குக் கீழே, ஒரு நாணய அளவு இடம். படுக்கையிலிருந்து எழும்போது, இருமும்போது, எடை தூக்கும்போது, வலப்பக்கம் சாய்ந்து படுக்கும்போது குத்தும். சாப்பாட்டோடு தொடர்பே இல்லை.

மற்றது, உள்ளங்கை வலி. தொப்புளைச் சுற்றியும் கீழும் முறுக்கும். சாப்பிட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வரும். மலம் கழித்ததும் பெரும்பாலும் அடங்கும்.

மூன்றாவது வகையான முதுகுக்குப் பாயும் வலி, கோடீனை நிறுத்தியபின் ஒருமுறைகூட வரவில்லை. நோயாளி ‘பழைய வலி’ என்று ஒரே பெயரில் சொன்னது உண்மையில் மூன்று வலிகள். பழைய வலி அவற்றில் எதுவுமே இல்லை.

வயிற்றுச் சுவரிலிருந்த வலி

பதினோராம் வாரம் வயிற்றுச் சுவர் தனியாகப் பரிசோதிக்கப்பட்டது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, வலிக்கும் புள்ளியை ஒரே விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைகளை மார்பில் கட்டியபடி தலையையும் தோளையும் தூக்கச் சொல்ல வேண்டும். வலி உள்ளுறுப்பிலிருந்து வந்தால், இறுகிய தசை கேடயமாகி வலி குறையும். சுவரிலேயே இருந்தால் அதே அளவில் நிற்கும் அல்லது கூடும். கார்நெட் என்ற அறுவை மருத்துவர் 1926-ல் விவரித்த முறை இது. இன்னமும் அதே அளவு பயனுள்ளது. இவருக்கு வலி கூடியது. அந்த இடத்துத் தோலைக் கிள்ளியபோது மறுபக்கத்தைவிட அதிகம் வலித்தது; ஈரப் பஞ்சால் தொட்டபோது குளிர்ச்சி மந்தமாகத் தெரிந்தது. புள்ளி, விலாவுக்குக் கீழுள்ள இரு தழும்புகளில் உட்புறமானதற்கு 2 செ.மீ. கீழே, நேர்வயிற்றுத் தசையின் வெளி விளிம்பில் இருந்தது.

அந்த விளிம்பில்தான் ஏழாவது முதல் பன்னிரண்டாவது வரையான மார்பு நரம்புகளின் கிளைகள் தசை உறையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வருகின்றன. குறுகிய வாயில் என்பதால் அங்கே நரம்பு எளிதில் நெருக்கப்படும். துளைக்கருவி அருகில் நுழைந்ததும், ஆறும்போது உருவான தழும்பும் இங்கே காரணமாக இருக்கலாம். தழும்பின் வழியே குடலிறக்கம் இருந்தாலும் கார்நெட் சோதனை இப்படியே காட்டும் என்பதால், இரும வைத்து ஸ்கேன் பார்த்து அது விலக்கப்பட்டது.

ஊசி இங்கே மருந்து மட்டுமல்ல, நோயை உறுதிசெய்யும் சோதனையும்கூட. ஒரு சதவீத லிடோகைன் 8 மி.லி. (80 மி.கி.) ஸ்கேன் பார்த்தபடி தசை உறைக்குக் கீழே செலுத்தப்பட்டது. செலுத்துமுன் பின்னிழுத்து இரத்தம் வரவில்லை என்று உறுதிசெய்தார்கள். ஊசி முனை பின்னுறையைத் தாண்டவில்லை. பதினைந்து நிமிடத்தில் வலி பத்துக்கு 7-லிருந்து 1-க்கு இறங்கியது. கார்நெட் சோதனையில் வலி இல்லை. மருந்தின் வீரியம் சில மணி நேரமே என்றாலும் நிவாரணம் நான்கு நாள் நீடித்தது. இந்த நோயில் அடிக்கடி காணப்படுவது இது. மறுபடி வந்த வலி முன்பைவிடக் குறைவு. இரண்டு வார இடைவெளியில் மேலும் மூன்று ஊசிகள் போடப்பட்டன. ஸ்டீராய்டு சேர்க்கவில்லை, லிடோகைன் மட்டும் தருவதைவிட அதனால் கூடுதல் பயன் உறுதிப்படாத நிலையில், தோலடிக் கொழுப்பு கரைந்து குழி விழும் வாய்ப்பைத் தேடிக்கொள்ள வேண்டியதில்லை என்று முடிவானது.

அமிட்ரிப்டிலின் தருவது பேசப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. அது நரம்பு வலியையும் குறைக்கும், மலச்சிக்கலையும் உண்டாக்கும். இரண்டு வலிகளும் ஒரே நேரத்தில் குறைந்தால் எது எதனால் குறைந்தது என்று தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பது நோயாளிக்குச் சலிப்பூட்டியது, ஆனாலும் ஒத்துழைத்தார்.

பித்த அமிலமும் தைராக்சினும்

பித்தப்பை இல்லாதபோது பித்தம் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவிலும் குடலில் வடிந்தபடி இருக்கும். சிறுகுடலின் கடைப்பகுதி மீட்டு உறிஞ்சும் அளவைத் தாண்டிய பித்த அமிலம் பெருங்குடலுக்குப் போனால், அங்கே நீரைச் சுரக்கவைத்து இயக்கத்தை முடுக்கிவிடும். அவசரமும் முறுக்கு வலியும் அதனால். மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின், இரத்தத்தில் சீலியாக் (கோதுமைப் புரதத்தால் வரும் குடல் நோய்) எதிர்ப்பொருள் இரண்டும் இயல்பு. இரத்தப்போக்கோ எடையிழப்போ இல்லை. அதனால் பெருங்குடல் எண்டோஸ்கோப்பிக்குப் போகாமல் மருந்து கொடுத்துப் பார்ப்பது முடிவானது. நான்கு வாரமாகப் பலன் தராத பான்டோபிரசோல் நிறுத்தப்பட்டது; அதுவும் சிலருக்கு வயிற்றுப்போக்கு தரக்கூடியது.

பித்த அமிலத்தைக் குடலில் பிடித்து வைக்கும் தூளான கொலஸ்டிரமின் 4 கிராம் பொட்டலம் ஒன்று, காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன். உலர்ந்த தூளாக விழுங்கக் கூடாது. 120 மி.லி. அளவு தண்ணீரில் தூவி, இரண்டு நிமிடம் ஊறவிட்டுக் கலக்கிக் குடிக்க வேண்டும். ஊறாமல் குடித்தால் மணல்போல் தொண்டையில் ஒட்டும், பலர் அதனாலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஐந்தாம் நாள் மலம் கழிப்பது நாளுக்கு இருமுறையானது. முறுக்கு வலி ஏறக்குறைய நின்றது.

சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. ஏழு வாரம் கழித்துச் சோர்வும் எடைக் கூடுதலும் சொன்னார். தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். முன்பு 2.8 ஆக இருந்தது, இப்போது 9.6. காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் போட்டு, அரை மணி நேரத்தில் கொலஸ்டிரமின் குடித்துவந்திருந்தார். கொலஸ்டிரமின் பித்த அமிலத்தை மட்டும் பிடித்து வைப்பதில்லை. தைராக்சின், வார்ஃபரின், டிகாக்சின் எனப் பலவற்றைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். மற்ற மருந்துகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போ எடுப்பது பொது விதி. தைராக்சினுக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி. மருந்துச் சீட்டில் ‘காலை’ என்று மட்டும் இருந்தது. தைராக்சின் அளவைக் கூட்டாமல், கொலஸ்டிரமினை இரவுச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றினார்கள். எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். 3.1.

இரவுக்கு மாற்றியதும் பத்து நாளில் மலம் இறுகியது. பொட்டலத்தில் பாதியாகக் குறைத்ததும் சரியானது. உணவில் கொழுப்பை முழுதாக விலக்கச் சொல்லவில்லை. ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்துச் சாப்பிடச் சொன்னார்கள்.

ஒன்பதாம் மாதத்தில்

விரல் வலி ஓய்வில் இல்லை. கனமான எடை தூக்கிய நாளில் 2 அளவுக்கு வரும்; அன்றைக்கு லிடோகைன் 5 சதவீத ஒட்டுப்பட்டையை 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிடுகிறார். ஊசிகளால் அடங்காதவர்களுக்குச் செய்யப்படும் நரம்பு நீக்க அறுவை இவருக்குத் தேவைப்படவில்லை. முறுக்கு வலி மாதத்துக்கு ஓரிரு முறை. கோடீன் இரவுபோல் ஒன்று மீண்டும் வரவில்லை. நொதிகள் மூன்று முறை பார்த்தும் இயல்பு. சாப்பிட்டதும் வரும் உப்புசம் அறுவைக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அது பித்தப்பையால் வந்ததில்லை என்பதை இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறார்; கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

அறுவைக்கு ஒப்புதல் வாங்கும்போதே அறிகுறிகளை இரு பத்திகளாக எழுதுவது: போக வாய்ப்புள்ளவை, தங்கிவிடக்கூடியவை. நோயாளியும் அதில் ஒரு படி வைத்திருக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் வலி என்று வருபவருக்கு, ஸ்கேன் அறைக்கு அனுப்பும் முன் கார்நெட் சோதனை. முப்பது வினாடி வேலை அது. இவருக்கு ஐந்தாம் வாரத்திலேயே செய்திருந்தால் ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும், கோடீனும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அந்தச் சோதனையில் வலி கூடினாலும் இரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. சுவர் வலி உள்ளவருக்கு நாளத்தில் கல் இருக்கவே கூடாது என்று விதி எதுவும் இல்லை.

மலம் எப்படிப் போகிறது என்று நேராகக் கேட்பது. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தளர்வாகவே போனால் ‘பழகிவிடும்’ என்று விடாமல் பித்த அமிலத்தை நினைப்பது. வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் எலுக்சடோலினைப் பித்தப்பை இல்லாதவருக்குத் தரக் கூடாது. சுருக்குத்தசை இறுகிக் கணைய அழற்சி வந்த நிகழ்வுகளால் 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்த மருந்து அது.

கொலஸ்டிரமின் எழுதும்போது ‘காலை’, ‘இரவு’ என்று விடாமல், மற்ற ஒவ்வொரு மருந்துக்கும் மணிக்கணக்கைச் சீட்டிலேயே எழுதுவது. தைராக்சின் எடுப்பவராக இருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்கத் தேதி குறிப்பது.

வீட்டுக்கு அனுப்பும் தாளில், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பது முதல் வரியாக வர வேண்டும்: குளிர்க்காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்து மலம் வெளுப்பது, நிற்காத வாந்தி, வயிறு முழுதும் கல்போல் இறுகுவது. இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை.

இந்த நோயாளியின் கோப்பில் ஒரு கேள்வி திறந்தே இருக்கிறது. ஆறாம் வார இரவில் சிறு கல் ஒன்று நழுவியிருக்கவே முடியாது என்று சொல்ல இயலாது; மீண்டும் கோடீன் கொடுத்துப் பார்ப்பது சரியல்ல. அதனால் தவிர்க்க வேண்டிய மருந்துகள் பட்டியலில் கோடீன் ஏறியிருக்கிறது. வேறு அறுவை ஏதும் நடந்தால் மயக்க மருத்துவரிடம் காட்ட ஓர் அட்டை அவர் கையில் இருக்கிறது. முதுகுக்குப் பாயும் வலி வந்தால் ஆறு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுக்க வேண்டும் என்ற விதியும் அதன் பின்புறத்தில் எழுதப்பட்டிருக்கிறது.